இந்தியன் என்றால் எந்த நம்பர்?

ஃபேக்ஸ் தாளைக் கையில் பிடித்தபடி மேனேஜர் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்தார். யாருக்கோ வேலை போகப்போகிறது. அது என் வேலையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். எனக்கு எப்போதும் அப்படித்தான் தோன்றும்.

டேட்டா என்ட்ரிக்குப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். தொண்ணூறுகளில் தி. நகரில் ஒரு துணிக்கடைக்கு மேல்மாடியில் எங்கள் ஆபீஸ். ஒன்பதாவதோடு பள்ளியை விட்டவள் நான். மந்தைவெளியில் டைப்ரைட்டிங் கற்றதுதான் கைகொடுத்தது.

அமெரிக்காவில் ஏதோ ஒரு சின்ன ஊர். அங்கே ஜனம் எவ்வளவு, வருமானம் எவ்வளவு, என்ன இனம், எது கூடுகிறது, எது குறைகிறது என்று அறிக்கை போட, வீடு வீடாக எழுதி வாங்கிய தாள்கள் எங்களிடம் வந்தன. பெயர் இருக்காது, வீட்டு நம்பர்தான். ஒரே தாளை இரண்டு பேர் தனித்தனியாக அடிப்போம். இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் மெஷின் கத்தும். முதலில் அடிப்பவள் ஃபிலோமினா, பட்டினப்பாக்கத்து மீனவர் வீட்டுப் பெண். வெரிஃபை அடிப்பவள் நான்.

இனம் என்ற கட்டத்தில் பல தாள்களில் வெறுமனே 'இந்தியன்' என்று இருந்தது. எந்தப் பதிலுக்கு எந்த நம்பர் என்று சொல்லும் கோடு ஷீட்டிலோ இரண்டு இருந்தன: அமெரிக்கன் இந்தியன், ஏசியன் இந்தியன். எனக்குப் பயம். ஃபிலோவையும் இழுத்துக்கொண்டு மேனேஜரிடம் போய்க் கேட்டேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அமெரிக்கன் இந்தியன்னா அங்க சிட்டிசன்ஷிப் வாங்கின நம்மாளும்மா. என் மச்சானுக்குப் போன மாசம் கிடைச்சுது பாரு, அந்த மாதிரி. சும்மா இந்தியன்னு போட்டிருந்தா இன்னும் கிடைக்கல. ஏசியன்னு அடி."

அடித்தோம். இருவரும் ஒரே மாதிரி அடித்ததால் மெஷின் வாயே திறக்கவில்லை.

ஃபேக்ஸில் வந்த சேதி இதுதான். வெள்ளைக்காரன் வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் வாழ்கிற பழங்குடிகளை அறிக்கையில் காணோம். அவர்கள் வீடுகளிலெல்லாம் நம் நாட்டிலிருந்து போனவர்கள் குடியிருப்பதாக இருக்கிறது. அந்தப் பழங்குடிகளைத்தான் அங்கே இந்தியன் என்பார்களாம். ஒரு ஜனத்தையே மாடியில் உட்கார்ந்தபடி காலி செய்திருந்தோம்.

மேனேஜர் நேராக ஃபிலோவிடம் போனார். "குப்பத்துலேருந்து ஆள் எடுத்தா இப்படித்தான். நாளைலேருந்து வராதே."

அவள் வீட்டில் மாதச் சம்பளம் என்று வருவது அவளுடையது ஒன்றுதான்.

"நீங்கதான சார் அடிக்கச் சொன்னீங்க? அக்காவும் பக்கத்துல நின்னுக்கினுதான இருந்துச்சு?"

"நானா? எப்போ சொன்னேன்?"

அதே தப்பை நானும்தான் அடித்திருந்தேன். என்னை அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என் விலாசம் மயிலாப்பூர் மாடவீதி, அவளுடையது குப்பம். அவ்வளவுதான் வித்தியாசம்.

"நீங்க சொல்லலேன்னா, உங்க மச்சானுக்கு சிட்டிசன்ஷிப் கிடைச்சது எங்களுக்கு எப்படி சார் தெரியும்?" என்று கேட்டேன்.

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார்கள். மேனேஜர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

ஃபிலோவின் வேலை தங்கியது. ஆனால் அமெரிக்காவுக்குப் போன பதிலில் 'ஆபரேட்டர் தவறு' என்றுதான் இருந்தது. அவளிடம் மேனேஜர் ஒரு மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. தாள்களையெல்லாம் மறுபடி அடிக்கையில் அவள் சொன்னாள்: "இங்க நான் குப்பம், அங்க அவங்கோ இந்தியன். பேரு வச்சவன் எவனோ. தப்பு மட்டும் ஆபரேட்டருதாங்கா."

சந்தேகம் வந்தால் கேளுங்கள், வெட்கப்படாதீர்கள். ஆனால் பதிலைக் காதில் மட்டும் வாங்காதீர்கள். எங்கள் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. அன்றிலிருந்து மேனேஜர் எது சொல்ல வாயெடுத்தாலும், நான் எழுந்துபோய் அவர் கையில் சாக்பீஸைக் கொடுப்பேன். அதற்குப் பிறகுதான் மனிதர் கோடு ஷீட்டைப் படிக்கவே ஆரம்பித்தார்.