மூன்று சிவப்புக் கட்டைகள்

மூன்று சிவப்புக் கட்டைகளைக் கையில் வைத்திருக்கிற எவளும் அதில் ஒன்றைத் தூக்கிப் போடமாட்டாள். நான் போட்டேன்.

லிபெர்த்தா வீதியில் நான் சம்பளத்துக்குப் பார்த்துக்கொள்ளும், சிஞ்ஞோரா என்று கூப்பிடும் இத்தாலிய அம்மாவுக்கு எண்பது தாண்டிவிட்டது. புதன்கிழமை பின்னேரங்களில் அவருடைய மச்சாளும், முன்பு மருந்துக்கடை நடத்திய சிநேகிதியும் மாஜோங் விளையாட வருவார்கள். சீனத்துக் கட்டை விளையாட்டு. நாலு பேர் வேண்டும். நாலாவது ஆள் இடுப்பு முறிந்து மொண்டெல்லோவில் இருக்கும் மகள் வீட்டோடு போனதும், சிஞ்ஞோரா என்னைப் பிடித்து எதிர்க்கதிரையில் இருத்திவிட்டார்.

"எனக்குத் தெரியாது சிஞ்ஞோரா. அடுப்பிலை சோஸ் கிடக்கு."

"அடுப்பை நிப்பாட்டிப்போட்டு இரு."

அவர் பேசியது இத்தாலியன்தான். என் காதில் அது எங்கள் தமிழாகத்தான் விழும்.

கையில் பதின்மூன்று கட்டை. ஒன்று எடுத்து ஒன்று போட்டு, மூன்று மூன்றாகவும் ஒரு சோடியாகவும் சேர்க்கவேண்டும். மற்றவர் போட்ட கட்டையால் உன் கை நிறைந்தாலும் நீ வென்றாய். இதென்ன பெரிய வித்தை? நாங்கள் எங்கள் சனம் இருக்கிற போர்கோ வெக்கியோவில் ஞாயிறென்றால் 304 அடிக்கிற ஆட்கள். அந்தக் கடதாசி விளையாட்டில் எதிரே இருப்பவர்தான் நம் சோடி. அவர் வென்றால் நான் வென்ற மாதிரி. நாலு பேர் சுற்றி இருந்தால் அப்படித்தானே? சிஞ்ஞோரா எதைச் சேர்க்கிறார் என்று பார்த்துப் பார்த்து, அதையே போட்டுக் கொடுத்தேன். அவர் வென்றார். பனிக்காலம் முழுக்க வென்றார்.

வென்ற கையோடு மிலானோவில் இருக்கும் மகனுக்குப் போன் போகும். அம்மாவுக்கு மறதி முற்றிவிட்டது, முதியோர் இல்லத்தில் விடவேண்டும் என்று ஒற்றைக்காலில் நிற்கிறவன் அவன்.

"என்ரை மூளை போயிட்டுதாம்! இண்டைக்கும் நான்தான் வெண்டனான், கேட்டியோ?" என்று இவர் கத்துவார். எனக்குப் பெருமை தாங்காது.

அந்தப் புதன்கிழமை சிஞ்ஞோரா தொடக்கத்திலிருந்தே நடு இலக்கக் கட்டைகளை எல்லாம் வீசினார். எனக்கு விளங்கிவிட்டது. பதின்மூன்று அநாதைகள்! ஒன்றுகள், ஒன்பதுகள், காற்றுகள், நிறங்கள் என்று எவரும் முதலில் கழிக்கிற தனிக்கட்டைகளில் ஒவ்வொன்று சேர்த்து, ஏதாவது ஒன்றுக்கு மட்டும் சோடி பிடிக்கவேண்டும். அதற்கு மேலே கை கிடையாது. மற்ற இருவரும் அதைச் செய்து காட்டியவர்கள். இவர் இத்தனை வயதுக்கும் செய்ததில்லை.

சிவப்பு மொத்தம் நாலு. ஒன்றை மச்சாள் எப்போதோ போட்டுவிட்டார். மிச்சம் மூன்றும் என்னிடம். அப்படியென்றால் சிஞ்ஞோராவுக்குக் குறைவது அதுதான், என்னை விட்டால் கொடுக்க ஆளில்லை. போட்டேன்.

"மாஜோங்!" சிஞ்ஞோரா கத்தினார். கட்டைகளைத் திருப்பினார். மச்சாள் எழும்பி வந்து அவரைக் கொஞ்சினார். சிஞ்ஞோராவின் கண்ணில் தண்ணீர். எனக்கும்தான்.

மருந்துக்கடைக்காரி மட்டும் கை நீட்டி என் கட்டைகளைத் திருப்பிப் பார்த்தார். இன்னும் இரண்டு சிவப்பு.

"மூண்டையும் வைச்சிருந்து ஏன் உடைச்சனீ?"

"சிஞ்ஞோராவுக்கு வேணுமெண்டுதான். நான் அவவின்ரை சோடியெல்லோ?"

"என்ன சோடி? இதிலை ஒருத்தருக்கும் சோடி இல்லை. ஆளாளுக்குத் தனி."

என்ரை அம்மாளாச்சி!

"எப்ப துவங்கி இப்பிடி விளையாடுறாய்?" கேட்டது சிஞ்ஞோரா.

"முதல் நாளிலை இருந்து."

பனிக்காலம் முழுக்க வென்றது யாருடைய தயவில் என்று எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. மச்சாள் கைப்பையைத் தேடினார். என்னை நானே செருப்பால் அடிக்கலாம் போலிருந்தது. ஒரு சொல் கேட்டுத் தொலைத்திருக்கக்கூடாதா?

சிஞ்ஞோரா தன் அநாதைகள் அத்தனையையும் புறங்கையால் குவியலுக்குள் தள்ளினார்.

"இருங்கோ, ஒருத்தரும் போகேலாது. நீ எனக்கு எதிரா விளையாடு. என்ரை தலை இருக்கோ போயிட்டுதோ எண்டு நான் பாக்கவேணும்."

விளையாடினேன். வெல்லத்தான் விளையாடினேன். கடைசியில் எனக்கு மூங்கில் படம் போட்ட நாலு மட்டும் குறைவு. சிஞ்ஞோரா கனநேரம் யோசித்துவிட்டு ஒரு கட்டையைப் போட்டார். மூங்கில் நாலு. என் கை எழும்பவில்லை.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு நான் அதுவரை கழித்த கட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"உனக்கு இதுதான் வேணும். போட்ட பிறகுதான் விளங்குது. முந்தியெண்டால் போடமுதலே விளங்கியிருக்கும். எடு."

எடுத்தேன்.