சோபாவுல அஞ்சு நிமிஷம்

இத எழுதவே வேணாம்னுதான் விட்டிருந்தேன். மூணு தடவ ஆரம்பிச்சேன், மூணு தடவையும் போன்ல கேம் ஆடப் போயிட்டேன். இன்டர், அதான் பிளஸ் டூ, ஃபெயிலான ஆளு நான். தமிழ் எழுத்து எங்கம்மா சர்ச் பாட்டுப் புத்தகத்த வெச்சு சொல்லிக் குடுத்தது, தப்பு இருந்தா ஆண்டவர்கிட்ட புகார் குடுங்க. இன்னிக்கு மழை, நான் வேல செய்யற பந்தல் கடைல, டென்ட் ஹவுஸ்ல, லோடு இல்ல, அதான் உக்காந்து எழுதறேன். வாயால சொல்லிடலாம்னா, கேக்க வேண்டிய ஆளு என் மூஞ்சியப் பாத்துப் பேசறதில்ல.

அந்த ஆளு எங்க நைனா. வேலூர் பக்கத்துலருந்து பதினெட்டு வயசுல மிலிட்டரிக்குப் போனவரு. டிரைவர். பனி மலையெல்லாம் லாரி ஓட்டி, ஹவில்தாரா ரிட்டையர் ஆனாரு. கடைசி போஸ்டிங் செகந்தராபாத்துங்கறதால இங்கயே தங்கிட்டாரு. இப்ப மாதாப்பூர்ல ஒரு கண்ணாடி பில்டிங்ல செக்யூரிட்டி.

அவர ஓட்டலன்னா எனக்கு சோறு எறங்காது. ஆகஸ்ட் வந்தா பொட்டியத் தொறந்து மெடல எடுத்து டூத்பேஸ்ட் போட்டுத் தேய்ப்பாரு. "நைனா, துப்பாக்கி புடிச்சவனுக்கு மெடல் குடுக்கறான் சரி, ஸ்டீரிங் புடிச்ச உனக்கு எதுக்கு? உனக்கு டிராஃபிக் போலீஸ்தான குடுக்கணும்?"னு கேப்பேன். "போடா பொறம்போக்கு, மல மேல ரொட்டி எவன் கொண்டு போனான், உங்க தாத்தாவா?"ம்பாரு. அம்மா உள்ளருந்து, "எங்கப்பாவ இழுக்காதீங்க"ன்னு சத்தம் போடுவாங்க. இப்டித்தான் எங்க வீட்ல சுதந்திர தினம் ஆரம்பிக்கும்.

சைனிக்புரி தாண்டி ஒரு காலனில வருஷா வருஷம் கொடி ஏத்துவாங்க. சுத்துப்பட்டுல இருக்கற ரிட்டையர் ஆன மிலிட்டரி ஆளுங்க எல்லாரும் வருவாங்க. மூணு வருஷமா அங்க பந்தல் போடறது எங்க டென்ட் ஹவுஸ். நானும் என் ஃபிரெண்டும்தான் சேர் எறக்கறது, மைக் செட் பாத்துக்கறது. அவனும் தமிழ்தான், போவன்பள்ளி மார்க்கெட்டுப் பக்கம் வீடு.

அந்த கிரவுண்டுல சேர் போடறதுக்கு ஒரு முறை இருக்கு. மொத வரிசை சோபா, ஆபிசருங்களுக்கு. அதுக்குப் பின்னால வெள்ளத் துணி போட்ட சேர் ரெண்டு வரிசை, ஹவில்தாருக்கு மேல இருக்கற சுபேதாருங்களுக்கு. அதுக்கும் பின்னால பிளாஸ்டிக் சேர், மிச்ச ஜனத்துக்கு. யூனிஃபார்ம அவுத்து எத்தனையோ வருஷம் ஆச்சு. ஒருத்தர் ஏடிஎம் வாசல்ல நிக்கறாரு, ஒருத்தர் ஸ்கூல் பஸ் ஓட்டறாரு. ஆனா அன்னிக்குக் காலைல கிரவுண்டுக்குள்ள வந்தா யாரும் கை காட்ட வேணாம், அவங்கவங்க எடத்துல அவங்களே போயி உக்காந்துக்குவாங்க. எங்க நைனாவுக்கு பிளாஸ்டிக்ல ரெண்டாவது வரிசை, ஓரத்து சேர். கொடி ஏத்துவாங்க, லட்டு குடுப்பாங்க, வந்துடுவாரு.

இந்த வருஷம் வேற. பழைய ஜவானுங்களுக்கும் சால்வ போடறதுன்னு முடிவு பண்ணாங்க. காலனி செக்ரட்டரி போன் பண்ணி நைனாவோட மிலிட்டரி நம்பர், யூனிட்டு எல்லாம் கேட்டு எழுதிக்கிட்டாரு. மைக்ல பேரு சொல்லி மேடைக்குக் கூப்புடுவாங்களாம். ரிட்டையர் ஆனதுலருந்து எங்க நைனா பேர மைக்ல யாரும் சொன்னதில்ல. ரேஷன் கடைல கூட நம்பர்தான்.

மனுஷன் ஒரு வாரம் தூங்கல. அன்னிக்கு ஷிஃப்ட இன்னொருத்தருக்கு மாத்தி விட்டாரு. பிளேசர மொட்ட மாடில காய வெச்சாரு. அம்மாகிட்ட, "ஹவில்தார்னு சேத்து சொல்லுவாங்களா, வெறும் பேரு மட்டுமா?"ன்னு கேட்டுக்கினே இருந்தாரு. நான், "டிரைவர்ன்னுதான் சொல்லுவாங்க, லைசன்ஸ் எடுத்துட்டுப் போ"ன்னேன். அன்னிக்கு அவரு திட்டல, சிரிச்சாரு. அந்தச் சிரிப்புதான் எனக்குக் கிறுக்குப் புடிக்க வெச்சுது.

சுதந்திர தினத்தன்னிக்குக் காலைல சோபா மேல 'ரிசர்வ்ட்' சீட்டு ஒட்டிக்கிட்டு இருந்தோம். செக்ரட்டரி எண்ணிக் குடுத்த சீட்டு. கடைசி சோபாவுல ஒரு சீட்ட உரிச்சு பாக்கெட்ல போட்டேன்.

ஃபிரெண்டு பாத்துட்டான். "கைக்குடா? எதுக்கு உரிக்கற?"

"எங்க நைனாவ அங்க உக்கார வெக்கப் போறேன்."

"நக்கோ மச்சி, வேணாம். அது அவங்க எடம்."

"அவங்க எடம்னா எவங்க? சோபா நம்ம குடோனோடது. போன வாரம் இதுல கல்யாண மாப்ளயோட நாய் படுத்துக் கெடந்துச்சு, ஒருத்தரும் ராங்க் கேக்கல."

அவன் சிரிச்சான், ஆனா தலைய ஆட்டிக்கிட்டே போனான்.

நைனா வந்தாரு. பிளேசரு, அஞ்சு மெடலு, பெரட் தொப்பி, பளபளன்னு ஷூ. அம்மா பொம்பளைங்க பக்கம் போயிட்டாங்க. அவரு நேரா பிளாஸ்டிக் பக்கம் நடந்தாரு. நான் ஓடிப் போயி கையப் புடிச்சேன்.

"நைனா, உனக்கு முன்னாடி எடம் போட்டிருக்கு."

"எவன் சொன்னான்?"

"செக்ரட்டரிதான். சால்வ வாங்கறவங்க முன்னாடி இருக்கணுமாம்."

சோபாவப் பாத்தாரு, என்னப் பாத்தாரு. நான் பொய் சொல்லும்போது மூக்கச் சொறிவேன்னு அவருக்குத் தெரியும். அன்னிக்கு சொறியல, ரொம்ப கவனமா இருந்தேன். நம்பிட்டாரு. நுனில உக்காந்தாரு, முதுக நேரா வெச்சுக்கிட்டு, கை ரெண்டும் முட்டி மேல. சோபா உள்ள வாங்குச்சு, அவரு வாங்கல. ஒரு தடவ மட்டும் திரும்பி அம்மா இருக்கற பக்கம் பாத்தாரு. நான் போட்டோ எடுத்தேன். அது இன்னும் என் போன்ல இருக்கு, தொறக்கறதில்ல.

அஞ்சு நிமிஷம் இருக்கும். கர்னல் சாப் வந்தாரு, கூடவே சம்சாரம், இன்னும் ரெண்டு ஆபிசருங்க. ஒரு எடம் கொறைஞ்சுது. செக்ரட்டரி எண்ணிப் பாத்தாரு, திரும்பவும் எண்ணினாரு, அப்புறம் நைனாகிட்ட குனிஞ்சாரு.

"அங்கிள், யே சீட் ரிசர்வ்ட் ஹை. உங்கள யாரு இங்க உக்காரச் சொன்னது?"

நைனா சடக்குன்னு எழுந்தாரு. நான் பத்தடி தூரத்துல ஸ்பீக்கர் ஒயர கைல வெச்சுக்கிட்டு நிக்கறேன். என்னப் பாத்தாரு. என்னக் காட்டிக் குடுத்திருக்கலாம். "கல்தி ஹோ கயி, சாப்"னாரு. தப்பு நடந்து போச்சாம். கர்னல் நல்ல மனுஷன்தான், "பைட்டியே, பைட்டியே, உக்காருங்க, நான் நிக்கறேன்"னாரு. அவரு அப்டிச் சொன்னதும் நைனாவுக்கு இன்னும் மோசமாயிடுச்சு. விறைப்பா ஒரு சல்யூட் அடிச்சுட்டுப் பின்னால நடந்தாரு.

சோபா தாண்டி, வெள்ளத் துணி தாண்டி, பிளாஸ்டிக் வரிசைக்கு வந்தா அவரோட ஓரத்து சேர்ல வேற ஒருத்தர். எல்லாம் ஃபுல்லு. அவரு கூட்டாளி ஒருத்தர், மிலிட்டரி கேன்டீனுக்கு சாமான் வாங்க கூடவே போற ஆளு, எல்லாருக்கும் கேக்கற மாதிரி, "க்யா ஹவில்தார் சாப், அஞ்சு நிமிஷத்துல ப்ரொமோஷனும் குடுத்து டிமோஷனும் பண்ணிட்டாங்களா?"ன்னாரு. அந்த வரிசையே சிரிச்சுது. வெஷம் இல்லாத சிரிப்புதான். நான் சிரிக்கற மாதிரி சிரிப்பு.

நான் ஒரு பிளாஸ்டிக் சேர தூக்கிக்கிட்டு ஓடினேன். ஜெனரேட்டர் பக்கத்துல நின்னுட்டு இருந்தாரு. "உக்காரு நைனா"ன்னேன். சேரப் பாக்கல, என்னையும் பாக்கல. அதுக்குள்ள மைக் கத்துச்சு, ஒயரப் புடிக்க ஓடினேன்.

கொடி ஏறுச்சு. பூவு கொட்டுச்சு. சிறப்பு விருந்தினரு பேசினாரு. இந்தக் கொடிக்குக் கீழ பெரியவன் சின்னவன் கெடையாது, சிப்பாயும் தளபதியும் ஒரே ரத்தம்னாரு. சோபாலருந்து கை தட்டினாங்க, பிளாஸ்டிக்லருந்து இன்னும் பலமா தட்டினாங்க. அந்த மைக்குக்கு கரண்ட் குடுத்துட்டு இருந்தது நானு. ஒயரப் புடுங்கி எறியணும் போல இருந்துச்சு. புடுங்கல. ஆர்டர் போயிடும்.

அப்புறம் பேரு கூப்பிட ஆரம்பிச்சாங்க. ஏழாவது பேரு எங்க நைனா. ஹவில்தார்னு சேத்துதான் சொன்னாங்க. நம்பரு, யூனிட்டு, எத்தன வருஷ சர்வீஸு, எல்லாம் சுத்தமா, கணீர்னு. யாரும் எழுந்திருக்கல. ரெண்டாவது தடவ கூப்பிட்டாங்க. ஜெனரேட்டர் பக்கம் பாத்தேன், நான் போட்ட சேர் காலியா இருந்துச்சு. மூணாவது தடவ கூப்பிட்டாங்க. பொம்பளைங்க பக்கம் அம்மா எழுந்து நின்னு கழுத்த நீட்டி நீட்டித் தேடினாங்க.

செக்ரட்டரி என்னப் பாத்தாரு. "நீ அவரு பையன்தான? வா, வந்து வாங்கிக்க." டென்ட் ஹவுஸ் பேரு போட்ட டீ சர்ட்டோட மேடை ஏறினேன். சால்வ போட்டாங்க, போட்டோ புடிச்சாங்க, கை தட்டினாங்க. என் வாழ்க்கைல எனக்குக் கெடச்ச ஒரே கைதட்டல் அதுதான்.

வீட்ல அவரு இல்ல. பிளேசர் மட்டும் கட்டில்ல கெடந்துச்சு, மெடலோட. நேரா மாதாப்பூருக்கு வண்டிய விட்டேன். அங்க கேட்டுல நிக்கறாரு, செக்யூரிட்டி யூனிஃபார்ம்ல. மாத்தி விட்ட ஷிஃப்ட திரும்ப வாங்கிக்கிட்டு வந்துட்டாராம். தோள்ல கயிறு, மஞ்சக் குஞ்சம். 'மிலிட்டரில கூட இவ்ளோ குஞ்சம் குடுக்கலியே நைனா'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. முழுங்கினேன்.

சால்வய நீட்டினேன். வாங்கல.

"செக்ரட்டரி சொன்னாருன்னு சொன்னியே?"

"இல்ல நைனா. நான்தான்."

"ஏண்டா?"

"நீ ஏன் எப்பவும் பின்னாலயே உக்காரணும்? அவங்க ஓட்டாத ரோட்டலாம் நீ ஓட்டல?"

"நான் கேட்டனா உன்ன?" குரல் ஏறல அவருக்கு. "இருபது வருஷமா அந்த சேர்ல உக்கார்றேன். ஒரு நாளு, ஒரே ஒரு நாளு கூட எவனும் என்ன எழுப்பல. என் எடத்துல உக்காந்திருந்தா பேரு கூப்பிட்டதும் எழுந்து நடந்திருப்பேன். அவ்ளோதான் எனக்கு வேண்டியிருந்துச்சு. அதக் கெடுத்துட்ட."

"அந்த முறையே தப்பு நைனா."

"தப்பாவே இருக்கட்டும். உன் வெளயாட்டுக்கு நான்தான் கெடச்சனா?"

ஒரு கார் வந்துச்சு. தடுப்பத் தூக்கினாரு. உள்ள என் வயசுப் பையன் ஒருத்தன், காதுல இயர்போன், "ஹாப்பி இண்டிபெண்டன்ஸ் டே அங்கிள்"னான். நைனா அவனுக்கு ஒரு சல்யூட் அடிச்சாரு. காலைல கர்னலுக்கு அடிச்ச அதே சல்யூட். "கெளம்பு, டூட்டி நேரம்"னாரு என்கிட்ட. அதுதான் அவரு என்கிட்ட சொன்ன கடைசி முழு வாக்கியம்.

இப்பல்லாம் 'சோறு போடு', 'கதவச் சாத்து' எல்லாமே அம்மா வழியாத்தான் வருது. கேன்டீனுக்கு, அந்தக் கூட்டாளிங்க போகாத நாளா பாத்துப் போறாரு. நான் இன்னும் அவர ஓட்டறேன், செவுத்தப் பாத்து. பதிலுக்குத் திட்டறதுக்கு ஆளில்லாம ஓட்டறது ரொம்ப கேவலமா இருக்கு. இப்பவும் அந்த சேர் முறை அசிங்கம்னுதான் நெனைக்கறேன். எல்லாரும் ஒண்ணுன்னு மைக்ல சொல்லிட்டு, சோபாவுக்கு மட்டும் மினரல் வாட்டர் குடுக்கற நாள எதுக்குக் கொண்டாடணும்னும் நெனைக்கறேன். ஆனா அந்த நாள்ல ஒரு மனுஷனுக்கு வர வேண்டியிருந்த ஒரு நிமிஷத்தப் புடுங்கினது கர்னலும் இல்ல, செக்ரட்டரியும் இல்ல. ஹவ், ஆமா, நானேதான்.

நேத்து அதே காலனிலருந்து ஜனவரி இருபத்தாறுக்கு ஆர்டர் வந்துச்சு. அன்னிக்கு மேடைக்கு நேர்ல வராதவங்கள இந்தத் தடவ திரும்பக் கூப்புடுவாங்களாம், நைனா பேரும் இருக்காம். குடோன்ல ஃபிரெண்டு சோபா உறை மடிச்சுட்டு இருந்தான். "எங்க நைனா வருவாராடா? வந்தா எங்க உக்கார வெக்கலாம்?"னு கேட்டேன்.

அவன் மடிக்கறத நிறுத்தாம சொன்னான்: "அவரு வரணும்னா, அன்னிக்கு நீ வராத."