சினை வறுவல்

போன வெள்ளிக்கிழமை சேலத்திலிருந்து ஏற்காடு பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். அடிவாரம் தாண்டி மூன்றாவது வளைவோ நான்காவதோ, முன்னால் ஒரு மினி லாரி ஏற முடியாமல் முக்கிக்கொண்டிருந்தது. பின்கதவு இடுக்கிலிருந்து ஐஸ் உருகிய மீன் தண்ணீர் ரோட்டில் கோடாக ஒழுகியது. வாடை உள்ளே புகுந்ததும் பக்கத்து சீட் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, “ஏனுங்க, அந்தக் கண்ணாடிய இழுத்து உடுங்க, கொமட்டுது” என்றார். இழுத்துவிட்டேன். அந்த வாடைக்கும் எனக்கும் பழைய உறவு. நல்ல உறவு என்று சொல்ல மாட்டேன்.

இருபது வயது சொச்சத்தில் ஏற்காட்டு ஏரிப் பக்கம் ஒரு ஓட்டலில் ஸ்டோர் பார்த்தேன். ஸ்டோர் என்றதும் பெரிதாக நினைத்துவிடாதீர்கள். அரிசி மூட்டை, வெங்காயச் சாக்கு, ஒரு பழைய ஐஸ் பெட்டி, கூடவே நான். இடுப்பில் சாவிக்கொத்தைக் குலுக்கிக்கொண்டு நடப்பதில் அப்படியொரு மிதப்பு. இதே மலையில் மாரமங்கலத்தில் காப்பிச் செடிகளுக்கு நடுவில் வளர்ந்தவன், கடலை சினிமாவில்தான் பார்த்திருந்தேன். அந்த ஓட்டலுக்குக் கடல் மீன் வாங்கும் பொறுப்பு எனக்கு.

மீன் கொண்டுவருகிறவர் மாசிலாமணி அண்ணன். கடலூர்ப் பக்கம் ஒரு மீனவக் குப்பத்துக்காரர், சொந்தமாக ஒரு ஃபைபர் படகு வைத்திருந்தார். வாரம் முழுக்கப் பிடித்ததில் நல்லதைப் பொறுக்கி, பெட்டியில் ஐஸ் போட்டு, வெள்ளிக்கிழமை காலை மீன் வண்டியில் சேலம் வந்து, அங்கிருந்து பஸ்ஸில் மலையேறுவார். கண்டக்டர்கள் வாய் நிறையத் திட்டுவார்கள். சிரித்துக்கொண்டே ஏறிவிடுவார். பெட்டியைத் திறந்தால் கை நீளத்துக்கு வஞ்சிரம் கிடக்கும். கிட்டத்தில் மோந்தால் வெள்ளரிப் பிஞ்சு வாசம். நல்ல மீனுக்கு நாற்றம் கிடையாது என்பது எனக்கு அவர் சொல்லித்தான் தெரியும்.

ஒருமுறை வம்புக்கு, “ஏனுங்ணா, பெரிய போட்டுல வேலைக்குப் போனா அலைச்சல் இல்லையில்ல?” என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கிவிட்டது. “இழுவைப் போட்டுல கூலிக்கு ஏர்றதுக்கு நான் சும்மாவே கெடந்துடுவன் தம்பி. அது மீன் புடிக்கிறது இல்ல. அடிமண்ணு வரைக்கும் வாரிக்கிட்டுப் போறது.” அந்தப் படகைத் தன் கையிலேயே வைத்திருக்க வேண்டும், அவருக்கு வேறு ஆசையே கிடையாது.

ஏற்காட்டுக்குக் கூட்டம் வருவது மே மாதம், மலர்க் கண்காட்சி நேரம். அண்ணன் ஊரில் கடலுக்கு அதுதான் சினைக் காலம். இழுவைப் படகுகளுக்கு அரசாங்கத் தடை, சின்னப் படகுகள் மட்டும் போகலாம். அண்ணனும் போவார், ஆனால் குஞ்சுகள் நழுவிவிடுகிற பெரிய கண்ணி வலையை மட்டும் எடுத்துக்கொண்டு பேருக்குப் போய் வருவார். எங்களுக்கு மூன்று பெட்டி தேவைப்படும் நேரத்தில் அவரிடமிருந்து அரைப் பெட்டி வரும். அதில் தப்பித்தவறி வயிறு உப்பிய மீன் ஒன்றிரண்டு இருக்கும். ஒரு வருடம் அந்தச் சினையை எங்கள் சமையல் மாஸ்டர் மிளகுத்தூள் போட்டு வறுத்து ஒரு மேசைக்குக் கொடுத்தார். அடுத்த மேசையும் கேட்டது. உடனே வாசல் பலகையில் சாக்பீஸால் ‘இன்று சினை வறுவல்’ என்று எழுதியது சாட்சாத் நான்தான். முதலாளி என் முதுகில் தட்டிக்கொடுத்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை அண்ணனிடம் சினை மீனாகப் பார்த்துக் கேட்டேன். அவர் தயங்கினார். நான் விடவில்லை. காப்பித் தோட்டத்தில் பார்த்ததை அவருக்கே பாடம் எடுத்தேன். “எங்க தோட்டத்துல ஒரு பழத்தக்கூட உடமாட்டமுங்ணா. உட்டா பூச்சி உழும். சுத்தமா வழிச்சு எடுத்தாத்தான் அடுத்த வருசம் நல்லாக் காய்க்கும்.”

அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். “நீங்க பழத்தப் பறிச்சிட்டுச் செடிய உடுறீங்க தம்பி. அங்க செடியையே புடுங்குறாங்க. இழுவை மடிவல போன எடத்துல பாசி கெடையாது, சிப்பி கெடையாது. அப்புறம் குஞ்சு எதத் தின்னும்? மாட்டுன குஞ்சையும் காயவெச்சிக் கோழித் தீனிக்கு மூட்ட கட்டிடுறான். உங்க பக்கம் நாமக்கல்லுக்குத்தான் வருது.” அன்று காலை நான் இரண்டு ஆம்லெட் தின்றிருந்தேன்.

முதலாளிக்கு இந்தக் கதையெல்லாம் எதற்கு? “சாமி, சீசன்ல மீன் இல்லீன்னா நொம்ப அசிங்கமாப் போயிரும். அவருக்குத் தோதுப்படலீன்னா வேற ஆளப் பாரு” என்றார். நான் அதை அப்படியே அண்ணனிடம் சொன்னேன். கொஞ்சம் மென்மையாகச் சொல்லியிருக்கலாம். சாவிக்கொத்து வைத்திருந்தவன், சொல்லவில்லை.

அடுத்த வாரம் மூன்று பெட்டி வந்தது. மத்தியும் கானாங்கெளுத்தியுமாக, ஒவ்வொன்றும் வயிறு வெடிக்கிற மாதிரி. எப்படி என்று கேட்டதற்கு, “சுருக்குமடி போட்டம்” என்றார். கூட்டமாகப் போகும் மீனைச் சுற்றி வளைத்து, அடியைச் சுருக்கிக் குடும்பத்தோடு தூக்கும் வலை அது. அரசாங்கம் தடை செய்த வலை. ஊரில் இரண்டு பேரோடு கூட்டுச் சேர்ந்து போட்டிருக்கிறார். “ஊர்ப் பஞ்சாயத்துல கூப்புட்டுக் கேட்டாங்க. தலயக் குனிஞ்சிக்கிட்டு நின்னன்.” எங்களுக்கு அந்த மே மாதம் போல வியாபாரம் அதற்கு முன் நடந்ததில்லை. நான் தினமும் பலகையில் எழுதினேன்.

அதற்குப் பிறகு வருடா வருடம் மீன் சிறுத்தது. கை நீள வஞ்சிரம் முழங்கை அளவாயிற்று, பிறகு சாண் அளவு. மத்தி ஒரு வருடம் வரவே இல்லை. அண்ணன், முன்பு இரண்டு மணி நேரத்தில் கிடைத்த மீனுக்கு இப்போது பொழுதுக்கும் ஓட்ட வேண்டியிருக்கிறது, டீசலுக்கே பத்தவில்லை என்றார். கடைசியாக வந்த பெட்டியில் விரல் நீளத்துக்கு ஏதோ கிடந்தது. மாஸ்டர் அதைத் தொடவே இல்லை. அந்த வெள்ளிக்கிழமையிலிருந்து அண்ணன் வருவது நின்றுபோயிற்று.

இரண்டு வருடம் கழித்து, பெட்டி இல்லாமல் ஓட்டல் வாசலில் நின்றார். கடனுக்குப் படகு போய்விட்டது. “வேல எதுனா கெடைக்குமா தம்பி?” ஏரியில் டூரிஸ்டுகளை வைத்துத் துடுப்புப் போடும் வேலைக்குச் சொல்லிவிட்டேன். அலையோடு மல்லுக்கட்டிய மனிதர், தண்ணீர் அசையாத ஏரியில் குழந்தைகளை வைத்துக்கொண்டு வட்டம் சுற்றினார். “ஓரமாப் போங்க, பயமா இருக்கு” என்று யாராவது சொன்னால், “சரிங்கம்மா” என்பார். எனக்குப் பார்க்கவே பொறுக்காது. அந்தப் பக்கம் போவதைக் குறைத்துக்கொண்டேன்.

அந்த சீசனில் ஒருநாள் ஒரு குடும்பம் அவர் படகில் போயிருக்கிறது. நல்ல கடல் மீன் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்கள். எங்கள் மேல் உள்ள பாசத்தில் அவரே கூட்டிக்கொண்டு வந்து உட்காரவைத்தார். வஞ்சிரம் வறுவல் கேட்டார்கள். எங்களிடம் இருந்தது அணையிலிருந்து வந்த வளர்ப்பு மீன். அதைத்தான் ஒரு வருடமாக மசாலாவை அப்பி வஞ்சிரம் என்று கொடுத்துக்கொண்டிருந்தோம். தட்டை நானே கொண்டுபோய் வைத்தேன். அண்ணன் அந்தத் துண்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அந்த வீட்டம்மா நிமிர்ந்து, “நீங்க கடக்கரைக்காரருங்க. சொல்லுங்க, இது வஞ்சிரந்தானுங்களே?” என்று கேட்டார்.

“வஞ்சிரந்தாம்மா. நல்ல மீனு, சாப்புடுங்க.”

கடலைப் பற்றி அதுவரை அவர் வாயிலிருந்து பொய் வந்து நான் கேட்டதில்லை. எனக்காகச் சொன்னார். நான் கிளாஸ்களில் தண்ணீர் ஊற்றிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் ஏரியில் அவர் இல்லை. வெகுநாள் கழித்து, அவர் ஊர்க்காரர் ஒருவரைச் சேலத்தில் பார்த்து விசாரித்தேன். குப்பத்தில் பாதி வீடு பூட்டிக் கிடக்கிறதாம், கரையில் படகுகளை எண்ணிவிடலாமாம். “மாசிலாமணியா? அவன் மங்களூரு போயிட்டானே. அங்க இழுவைப் போட்டுல ஏறிட்டான்” என்றார்.