அவள் சொன்னதை நான் எழுதினேன்

நாற்பத்திரண்டு வயதில் தபால் வழியில் பி.ஏ. தமிழ் சேர்ந்தேன். பள்ளி அலுவலகம் ஒன்றில் எழுத்தராக இருந்த எனக்குப் பதவி உயர்வுக்கு ஒரு பட்டம் தேவைப்பட்டது. ஞாயிறுதோறும் தாம்பரத்தில் வகுப்பு. பக்கத்து இருக்கையில் கீழ்க்கட்டளையில் மீன் விற்கும் பெண் ஒருத்தி உட்காருவாள். கடலோரக் கிராமத்தில் பிறந்து கல்யாணமாகி வந்தவள். என்னைவிட இளையவள். "எம் பொண்ணு காலேஜ் போறதுக்குள்ள நானும் ஒரு டிகிரி வாங்கிடணும்க்கா" என்பாள்.

ஒரு வாரம் விரிவுரையாளர் எட்டு வரிக் கவிதை ஒன்றைத் தந்தார். ஒரு தாய் வேலை முடிந்து வருகிறாள். குழந்தை ஓடி வருகிறது. அவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். அவ்வளவுதான்.

"கதையைத் திருப்பிச் சொல்லாதீங்க. அவ ஏன் அப்படி நிக்கிறான்னு யோசிச்சு ஒரு பத்தி எழுதிட்டு வாங்க" என்றார்.

மேடவாக்கம் வரை எங்களுக்கு ஒரே பஸ். கையில் பொம்மை ஏதாவது ஒளித்து வைத்திருப்பாளோ என்றேன்.

அவள் சிரித்தாள். "பொம்மையா? கையில நாத்தம் கீதுக்கா. அதான் தூக்கல. எம் பொண்ணு கொழந்தையா இருந்தப்போ நானும் அப்டிதான் நிப்பேன். மூணு தபா சோப்பு போட்டாலும் போவாது. அது அழும். எனக்குத் தூக்கணும்னு இருக்கும், ஆனா கை வராது."

வீட்டுக்கு வந்ததும் உட்கார்ந்து எழுதினேன். 'உழைப்பின் மணம் தாய்மைக்கும் குழந்தைக்கும் இடையே சுவராக நிற்கிறது' என்று தொடங்கினேன். நாற்றம் என்ற சொல்லை மணம் என்று மாற்றியதில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

அடுத்த ஞாயிறு விரிவுரையாளர் என் பத்தியை உரக்கப் படித்தார். "இதுதான் திறனாய்வு" என்றார். பிறகு அவளுடைய தாளை எடுத்தார். அவளும் அதையேதான் எழுதியிருந்தாள், மகளையும் சோப்பையும் சேர்த்து. "இது உங்க சொந்தக் கதைம்மா. பக்கத்துல இருக்கறவங்களைப் பாருங்க, அவங்க மாதிரி எழுதுங்க" என்றார்.

அவள் என் பக்கம் திரும்பினாள். நான் நோட்டில் தேதியை எழுதினேன். ஏற்கெனவே எழுதியிருந்த தேதியை மறுபடியும். 'இவங்க சொன்னதுதான் சார்' என்று சொல்ல ஒரு நொடி போதும்.

பஸ்ஸில் அவளே பேச்சை எடுத்தாள். "நல்லா எழுதிகீறக்கா. நான் சொன்னதுதான், ஆனா நீ எழுதுனா படிப்பு மாதிரி கீது." குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். நிஜமாகவே மெச்சினாள். பரீட்சைக்குப் படிக்க அந்தத் தாளைக் கேட்டாள். கொடுத்தேன். "உங்க பேரை நான் சொல்லியிருக்கணும்" என்றேன்.

"சொன்னா மட்டும் இன்னா, மார்க்கா போடப் போறாரு?" என்று ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பரீட்சையில் அதே கவிதை வந்தது. என்னால் அந்த வரிகளை எழுத முடியவில்லை. பொம்மை என்றே எழுதிவிட்டு வந்தேன். பெரிய பரிகாரம் செய்ததுபோல அன்று நெஞ்சு லேசாக இருந்தது. அதனால் அவளுக்கு ஒரு பயனும் இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. விரிவுரையாளரிடம் இன்றுவரை நான் சொல்லவில்லை.