நெய்தலுக்கு ஒரு கூடை

ஞாயிற்றுக்கிழமை காலையில் கைபேசியைத் திறக்கவே எனக்கு வெறுப்பாக இருக்கும். எங்கள் வாட்ஸப் கவிதைக் குழுவில் புதிதாகச் சேர்ந்தவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் நாள் அது. குழுவின் அட்மின்களில் நானும் ஒருத்தி. வந்தவர்களை வரவேற்பது என் தலையில் கட்டப்பட்ட வேலை. பெயர் அல்லது புனைபெயர், ஊர், தொழில், சொந்தமாக எழுதிய நாலு வரி. நாங்கள் கேட்பது இவ்வளவுதான். வருவது வேறு.

"நான் மிகவும் சாதாரணமானவன்" என்று ஆரம்பிப்பார்கள். அதற்குக் கீழே வாங்கிய பட்டங்கள் முழ நீளத்துக்குத் தொங்கும். எல்லாம் இதே மாதிரி குழுக்கள் ஒன்றுக்கொன்று மாற்றிக் கொடுத்துக்கொண்ட பட்டங்கள். கவிதை என் மூச்சு என்பார்கள். சுவாசம் என்பார்கள். அதற்கப்புறம் சேறு வரும். எங்கள் பக்கத்தில் கவிதை எழுத வருகிற அத்தனை பேரும் சேற்றில் பிறந்தவர்கள். உழவன் மகன், காவிரியின் மடி, நாற்றங்கால் நேசன் என்று புனைபெயர்கள். விசாரித்தால் ஒருவர் சென்னையில் ஆடிட்டராக இருப்பார், இன்னொருவர் மஸ்கட்டில் இருப்பார். நிலம் யாரிடமோ குத்தகைக்குக் கிடக்கும். நான் வலங்கைமான் பக்கத்தில் சாகுபடி பார்க்கிறவள். தம்பி சிங்கப்பூரில் இருப்பதால் அவன் பங்கையும் நானே பார்க்கிறேன். நடவு சமயத்தில் கால்விரல் இடுக்கெல்லாம் புண்ணாகி, அதில் மருந்து வைத்தால் உயிர் போகும். அந்தப் புண்ணை எங்கள் குழுவில் ஒருவர்கூட எழுதியதில்லை.

ஒவ்வொரு அறிமுகத்துக்கும் பூங்கொத்துப் படங்கள் வரிசையாக வந்து விழும். அருமை, சிறப்பு, வளர்க. நாலு வரியைப் படித்துவிட்டுச் சொன்னவர் யார், படிக்காமல் சொன்னவர் யார் என்று பார்க்கவே தேவையில்லை, எல்லாம் ஒரே நிமிடத்தில் வந்திருக்கும்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்கு அடுத்தது நடக்கும், அதுதான் நாற்றம். புதிதாக வந்தவருக்குத் தனிச்செய்தி போகும். "குத்தாலமா? நல்லது நல்லது. குத்தாலத்தில் எந்தத் தெரு?" எங்கள் ஜில்லாக்களில் தெருவைத் தெரிந்துகொண்டால் சாதியைத் தெரிந்துகொண்ட மாதிரி. நேரே கேட்பது அநாகரிகம் என்று எல்லோருக்கும் தெரியும், அதனால் தெருவைக் கேட்பார்கள். குழுவில் மனிதம், சமத்துவம் என்று பத்தி பத்தியாக எழுதுகிறவர்தான் இதையும் கேட்பார். அட்மின் என்பதால் இந்தக் குறைகள் என்னிடம் வரும். நான் எத்தனையோ தரம் குழுவை விட்டுப் போய்விட நினைத்தேன். எப்போதாவது ஒருவர் உண்மையான ஒரு வரி எழுதிவிடுவார். அந்தக் கேடுகெட்ட ஆசையில்தான் இருந்தேன்.

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தவள் அந்தப் பெண். இருபத்தைந்து வயதுக்குள் இருக்கும். அவள் அறிமுகம் இரண்டே வரி. நன்னிலத்தில் ஒரு கண் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். எனக்குக் கவிதை வருகிறதா என்று பார்க்கத்தான் வந்திருக்கிறேன். பட்டம் இல்லை, மூச்சு இல்லை, சேறு இல்லை. நான் வாசலில் உட்கார்ந்து அதைப் படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன்.

சிரிப்பு மதியம் வரைக்கும் தாங்கவில்லை. நன்னிலத்தில் எந்தத் தெரு என்று கேட்டிருக்கிறார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் வாடகை வீடு என்று சொல்லியிருக்கிறாள். அது கணக்கில் சேராதே. சொந்த ஊர் எது என்று அடுத்த கேள்வி. கள்ளங்கபடம் இல்லாமல் கடற்கரையோரத்துத் தன் ஊரின் பெயரைச் சொல்லிவிட்டாள். அப்பா விசைப்படகுக்குப் போனவர், இப்போது இல்லை. அம்மா கூடையில் மீன் எடுத்துக்கொண்டு பஸ்ஸில் உள்நாட்டு ஊர்களுக்கு வந்து விற்கிறவர்.

அன்று மாலையே குழுவில் அவளுக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். கடலின் மகள். நெய்தல் நங்கை. அவள் வாடகை வீட்டுத் தண்ணீர் மோட்டாரைப் பற்றி ஒரு கவிதை போட்டாள். 'அலையோசை கேட்கிறது சகோதரி' என்று ஒருவர் எழுதினார். பல்வலியைப் பற்றி எழுதினாள். 'உப்புக் காற்றில் நனைந்த வரிகள்' என்றார் இன்னொருவர். பல்வலியில் உப்புக் காற்று எங்கிருந்து வந்தது? நன்றி என்று மட்டும் அவள் பதில் போட்டாள். எனக்குத்தான் அருவருப்பாக இருந்தது, ஈரத் துணியை நாள்கணக்கில் மூலையில் போட்டு வைத்தது மாதிரி ஒரு வாடை அந்தப் பாராட்டுகளில் அடித்தது.

குழுவின் ஆண்டு விழா தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடப்பது வழக்கம். அந்த வருடம் ஐந்திணைக் கவியரங்கம் என்று முடிவானது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவிஞர், அந்தந்த நிலத்துக்கு ஏற்ற கோலத்தில் மேடையில் உட்கார வேண்டும். மருதத்துக்கு வேண்டிய மட்டும் ஆள் இருந்தார்கள், அடிபிடியே நடந்தது. கடைசியில் தலைமை அட்மின் தனக்கே எடுத்துக்கொண்டார். ஓய்வுபெற்ற வருவாய்த்துறை அதிகாரி, தஞ்சாவூரில் அடுக்குமாடி வீடு. ஒருமுறை ஆவணி மாதத்தில் என்னிடம், "இப்ப வயல்ல நிக்கிறது குறுவையா, தாளடியாம்மா?" என்று கேட்டவர் அவர்; குறுவையை அறுத்த பிறகுதான் தாளடியே நடுவார்கள். நெய்தலுக்கு இதுவரை அசல் ஆள் கிடைத்ததே இல்லை என்று அவருக்கு ஒரு மனக்குறை இருந்தது. இப்போது கிடைத்துவிட்டாள்.

அந்தப் பெண் எனக்குப் போன் செய்தாள். மேடையில் படிக்கக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று முதலில் சந்தோஷப்பட்டிருக்கிறாள். தன் வாழ்க்கையில் முதல் மேடை, அதனால் அம்மாவையும் வரச் சொல்லிவிட்டாள். அதற்கப்புறம்தான் கண்டாங்கிச் சேலையைக் கொசுவம் வைத்துக் கட்டி, இடுப்பில் மீன்கூடையோடு வரச் சொல்லி அவளுக்குச் செய்தி வந்திருக்கிறது. கூடையை விழாக் குழுவே வாங்கிவிடுமாம்.

"அக்கா, நான் அந்தக் கூடைய தூக்கிடக் கூடாதுன்னுதான் எங்கம்மா இத்தினி வருஷம் அதத் தூக்குனாங்க. அவங்க எதுத்தாப்ல உக்காந்திருக்கிறப்ப நான் அதோட எப்படிக்கா நிப்பேன்?" என்றாள்.

அழவில்லை. வராமல் இருந்துவிடட்டுமா என்று கேட்டாள். அம்மாவிடம் என்ன சொல்லி நிறுத்துவது என்று மட்டும் அவளுக்குத் தெரியவில்லை. அம்மா அந்த நாளுக்கு வியாபாரத்தை விட்டுவிட்டு, ஊரில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்துவிட்டாராம்.

நான் தலைமை அட்மினைக் கூப்பிட்டேன். உழைப்பில் என்ன கேவலம் இருக்கிறது, நாம் அதைக் கௌரவிக்கத்தானே செய்கிறோம் என்று குரலைக் குழைத்துக்கொண்டு பேசினார். சரி, அப்படியானால் நீங்கள் கோவணம் கட்டி, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வாருங்கள், மருதத்துக்கு அதுதானே கோலம் என்றேன். பெண்கள் இருக்கிற சபையில் பேசுகிற பேச்சா இது என்று கேட்டார். நான் விடவில்லை. கடைசியில் கூடை வேண்டாம், சேலையும் அவள் இஷ்டம், விரும்பியதைப் படிக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார். அவளிடம் தைரியமாக வா என்றேன்.

விழாவுக்கு நான் நேரத்தோடு போய்விட்டேன். மேடையில் ஐந்து நாற்காலிகள், பின்னால் தெர்மாகோலில் மலை, காடு, வயல், கடல், வெட்டவெளி. வயலுக்கு முன்னால் நெற்கதிர்த் தோரணம் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் போய் ஒரு கதிரை நசுக்கிப் பார்த்தேன், விரலில் பால் வந்தது. மணி முற்றாத பயிரை யார் வயலிலோ அறுத்துக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதற்கடியில் பட்டுச் சட்டையும் சரிகை வேட்டியுமாக மருதம் உட்கார்ந்து சந்தனம் பூசிக்கொண்டிருந்தது. எனக்கு அங்கேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது.

நெய்தல் நாற்காலிக்கு முன்னால் மேசை மேல் கூடை இருந்தது. புதுக் கூடை. வெள்ளிக் காகிதத்தில் மீன் வெட்டி அதில் ஒட்டியிருந்தார்கள். இதென்ன என்று கேட்டேன். அந்தப் பெண் தூக்க வேண்டாமே, சும்மா அலங்காரத்துக்கு இருக்கட்டும் என்றார்கள்.

அந்தப் பெண் சாதாரணமாக ஒரு சுடிதாரில் வந்தாள். அவள் அம்மாவை நான் அப்போதுதான் முதல்முறை பார்த்தேன். கஞ்சி போட்டு மடித்த பச்சைச் சேலை, தலையில் கனகாம்பரம். சோப்பும் பவுடரும் கலந்த வாசம். மூன்றாவது வரிசையில் ஓரமாக உட்கார்ந்து, பக்கத்தில் இருந்தவர் மேல் முழங்கை படாமல் ஒடுங்கிக்கொண்டார். கூடை அவர் கண்ணில் பட்டதை நான் பார்த்தேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. மடியில் இருந்த பையை மட்டும் இன்னொரு தரம் சரிசெய்துகொண்டார்.

பெண் மேடை ஏறியதும் முதல் வேலையாகக் கூடையை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தாள். கடலின் மகள் இப்போது கவிபாடுவார் என்று அறிவித்தார்கள். அவள் மைக்கைப் பிடித்து, தான் நன்னிலத்தில் கண் பரிசோதனை செய்கிறவள் என்று மறுபடியும் அறிமுகம் செய்துகொண்டாள். அதற்கும் கைதட்டினார்கள். பிறகு படித்தாள்.

வயதான ஒரு பெண் கண் பரிசோதனைக்கு வருகிறார். எழுத்துப் பலகை எதிரே இருக்கிறது. எல்லாவற்றிலும் பெரிய எழுத்தைக் காட்டினாலும் மங்கலாக இருக்கிறது என்கிறார். அவருக்கு எழுத்து படிக்க வராது, அதைச் சொல்ல வெட்கம். பரிசோதிக்கிறவள் ஒன்றும் கேட்காமல், E எழுத்து மாதிரி மூன்று காலோடு நாலு திசையிலும் திரும்பியிருக்கும் குறிகள் உள்ள இன்னொரு பலகையைப் போடுகிறாள். கால் எந்தப் பக்கம் என்று விரலால் காட்டச் சொல்கிறாள். அந்தப் பெண் கடைசி வரிசை வரைக்கும் பிசகாமல் காட்டிவிடுகிறார். சீட்டில் என்ன எழுதுவது? பார்வை நன்றாக இருக்கிறது என்று எழுதுகிறாள். கவிதை அவ்வளவுதான். இத்தனை வருடக் குப்பையில் இந்த ஒன்றுக்காகத்தான் இருந்திருக்கிறேன் போல என்று நினைத்தேன்.

மண்டபத்து மைக்கில் எதிரொலி அதிகம். பின்வரிசைகளில் பேச்சு நிற்கவில்லை, சமையல்கட்டில் அப்பளம் பொரிகிற சத்தம் வேறு. முடிந்ததும் நன்றாகக் கைதட்டினார்கள். கடலின் சீற்றமும் மீனவரின் கண்ணீரும் நம் நெஞ்சை நனைத்தன என்று மருதம் எழுந்து பாராட்டுரை சொன்னது. அந்தப் பெண் தாளை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள்.

படம் எடுக்கும் நேரத்தில் யாரோ அவள் அம்மாவைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அசல் நெய்தலே வந்திருக்கிறதே என்று ஒருவர் சொல்ல, ஒரு கூட்டமே அவரைச் சூழ்ந்துகொண்டது. கூடையை மேசைக்கு அடியிலிருந்து எடுத்து வந்துவிட்டார்கள். அம்மா, சும்மா தலையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள், ஒரே ஒரு படம், குழுவின் முகப்பில் வைக்க வேண்டும் என்றார் தலைமை அட்மின். அவரே கூடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் ஓடி வந்து அம்மாவின் முழங்கையைப் பிடித்தாள். அம்மா அவளை மெதுவாக விலக்கினார்.

"வைக்கிறேங்க. எத்தினி வருஷம் வச்சது, இதுக்கென்ன. எனக்கு மைக்கு எரைச்சல்ல ஒண்ணும் சரியா வெளங்கல. என் மவ என்ன படிச்சிச்சுன்னு யாராவது சொல்லுங்க. சொன்னீங்கன்னா வைக்கிறேன்" என்றார்.

மரியாதையாகத்தான் கேட்டார். குத்தலாகக் கேட்டாரா, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டாரா என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. தலைமை அட்மின் சிரித்துக்கொண்டே, அலை, வலை, நம் மீனவ மக்களின் துயரம் என்று இழுத்தார்.

"அதெல்லாம் வரலீங்க. வந்திருந்தா எனக்கு வெளங்கியிருக்குமே" என்றார் அம்மா.

ஒருவர் கைபேசியை எடுத்துக் குழுவில் கவிதை இருக்கிறதா என்று தேடினார். இன்னொருவர் சாப்பாட்டுப் பக்கம் நகர்ந்தார். சுற்றி நின்றவர்களில் எனக்கு மட்டும் கவிதை முழுதும் தெரியும், வரிக்கு வரி சொல்லியிருப்பேன். சொன்னால் அம்மா சொன்ன சொல் தவற மாட்டார், கூடை தலைக்குப் போய்விடும். மகள் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்தபடி, அவசரமே இல்லாமல் காத்திருந்தார். கூடையைத் தூக்கிப் பிடித்திருந்த தலைமை அட்மினுக்குக் கை வலித்து, அதைத் தன் இடுப்பில் இறக்கி வைத்துக்கொண்டார்.