மருந்து போடாத குடம்

பஹ்ரைனில் என் அறைக்கு எதிரே ஒரு ரொட்டிக் கடை. போன வாரம் காலையில் குபூஸ் வாங்கப் போனேன். கதவு சாத்தியிருந்தது. உள்ளூர்க்காரரான கடைக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். “பலதியா மூடச் சொன்னதா?” என்று எனக்குத் தெரிந்த அரபியில் கேட்டேன். பலதியா என்றால் நகராட்சி. நான் புகார் செய்யப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, அவர் முகம் சுருங்கியது. “இல்லை, எனக்கு வயிற்றுப்போக்கு. நானேதான் மூடினேன்” என்றார். எதற்குக் கேட்டேன் என்று விளக்க எனக்கு மொழி போதவில்லை.

எண்பத்திரண்டு வாக்கில், தீர்த்தமலை மாசித் திருவிழாவில் அண்ணனும் நானும் சர்பத் கடை போட்டிருந்தோம். அரூர்ப் பக்கம் காலரா பரவியிருந்தது. ஹெல்த் இன்ஸ்பெக்டர் வந்தார்.

“பாய், கிணத்துத் தண்ணி சரியில்ல. திருவிழா முடியற வரைக்கும் கடை போடாதீங்க.”

“இந்த ஒரு வாரத்த நம்பித்தானுங்க வருசம் பூரா வூட்ல அடுப்பு எரியுது” என்றார் அண்ணன்.

இன்ஸ்பெக்டர் தன் பையைத் திறந்தார். ஒரு பொட்டலம் பிளீச்சிங் பவுடரைக் கொடுத்து, “இதைக் கலக்காம ஒரு டம்ளர்கூடக் குடுக்காதீங்க” என்று சொல்லிப் போனார்.

குடத்துத் தண்ணீரில் கலந்தோம். ஒரு வாய் குடித்தவர்கள் முகம் சுளித்துத் துப்பினார்கள். மதியம்வரை வியாபாரமே இல்லை. அண்ணன் சாப்பிடப் போன நேரத்தில் அந்தக் குடத்தைக் கவிழ்த்துவிட்டுக் கிணற்றிலிருந்து புதிதாக இறைத்து வந்தேன். பவுடர் போடவில்லை. மலையிறங்கி வந்த ஓர் அம்மா இரண்டு டம்ளர் குடித்தார். “வெய்யிலுக்கு நல்லாருக்குதுங்க தம்பி” என்று மகளுக்கும் வாங்கிக் கொடுத்தார்.

மூன்றாம் நாள் அந்த மகள் தனியாக வந்தாள். “அம்மா அரூர் ஆஸ்பத்திரியில செத்துப்போச்சுங்க. கூட வந்தவங்களக் காணோம், பாத்தீங்களா?” என்று கேட்டாள். என்னைக் குற்றம் சொல்ல அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் போனதும் அண்ணனிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“அவங்க எங்கெங்கயோ தண்ணி குடிச்சிருப்பாங்க. நம்மளுதுன்னு எப்படிடா சொல்ல முடியும்?” என்றார் அண்ணன். அவர் சொன்னது உண்மையாகவும் இருக்கலாம். உண்மையா என்று தெரியாமலே நான் கப்பலேறினேன்.

இப்போது அண்ணன் எழுதியிருக்கிறார்: இந்த வருடமும் ஊரில் வாந்திபேதி, கடை போடட்டுமா? என் சம்பளத்தில் வீடு நடக்கிறது. அதனால் “போட வேண்டாம்” என்று எழுத எனக்குச் சிரமமே இல்லை. அங்கே இருந்திருந்தால் அப்படிச் சொல்லியிருப்பேனா, தெரியாது. கடிதம் ஊர் போய்ச் சேரப் பதினைந்து நாளாகும். அதற்குள் திருவிழா முடிந்துவிடும். தந்தி கொடுத்திருக்கலாம். தெரிந்தேதான் தபால் பெட்டியில் போட்டேன்.