மாதுளைக்கு ஆங்கிலத்தில் என்ன பெயர்

எங்கள் அண்ணன் அறந்தாங்கிக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் மூத்த மகனாகப் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதினாறு வயது. தங்கைகள் இருவரின் திருமணத்தையும் அவரே நடத்தி வைத்தார். பேச்சு வந்த நாள் முதல் அவருக்குத் திக்குவாய். இந்த நினைவு மலரைப் படிக்கும் நம்மில் பலர் அவரைப் போலப் பேசிக் காட்டிச் சிரித்திருக்கிறோம்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் வளைகுடாவில், அஜ்மானில் ஒரு கொரியக் கட்டுமான நிறுவனத்தின் தொழிலாளர் கேம்ப் மெஸ்ஸில் அண்ணன் பழம் நறுக்கினார். அங்கேயே நான் வருகைப் பதிவு எழுதும் டைம்கீப்பர். மெஸ் பொறுப்பாளரான கொரியர் புதிதாக வந்தவர். காய், பழம் ஒவ்வொன்றையும் எடுத்துக் காட்டி ஆங்கிலப் பெயரைக் கேட்டுப் பழகுவார். மாதுளையை அண்ணனிடம் காட்டினார்.

"பொ... பொ... பொமகிரனேட்."

கொரியர் அதை அப்படியே, திக்கலோடு சொன்னார். அண்ணன் பதறித் திருத்தப் பார்த்தார். மறுபடியும் திக்கியது.

"விடுங்கண்ணே, அந்தாளும் உங்கள மாதிரியே பேசிட்டுப் போகட்டும்" என்றார் எங்கள் அறைக்காரர் ஒருவர். கொரியரிடம் திரும்பி, "கரெக்ட் சார்" என்றார். நான் ஆபீஸ் ஆள் என்பதால் கொரியர் என்னைப் பார்த்தார். நானும் தலையாட்டினேன்.

பத்து நாள் கொரியர் அதை மனப்பாடம் செய்தார். பிறகு ஒரு மதியம், கேம்ப்பைப் பார்வையிட வந்த வெள்ளைக்கார அதிகாரிகளிடம் பழத்தட்டை நீட்டி, கற்ற சொல்லைச் சொன்னார். ஒருவர் அதையே திக்கித் திருப்பிச் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். கொரியர் தட்டை மேசையில் வைத்துவிட்டார்.

அவர்கள் போனதும் அண்ணனை அழைத்து, ஏன் இப்படிச் சொல்லிக் கொடுத்தாய் என்று கேட்டார். அண்ணன் விளக்க வாய் திறந்தார். திக்கியது. நேருக்கு நேராகவும் கேலி செய்கிறான் என்று கொரியர் எடுத்துக்கொண்டார். அண்ணனின் விசா "கேன்சல்" என்றார். அந்தச் சொல் அவருக்குச் சுத்தமாக வந்தது.

மூன்றடி தள்ளி நான் நின்றிருந்தேன். அண்ணன் என்னைப் பார்த்தார். அவருக்குத் திக்குவாய் என்று நான் சொன்னால் போதும். சொன்னால், அன்று ஏன் தலையாட்டினாய் என்ற கேள்வி வரும். அடுத்தது என் விசா. நான் ரிஜிஸ்டரைப் புரட்டினேன்.

ஏர்போர்ட் வேனில் ஏறும்போது அண்ணன், "நீ... நீ இரு. கா... காண்ட்ராக்ட் முடிஞ்சிருச்சுன்னு வீட்டுல சொல்லிக்கிறேன்" என்றார். அப்படியே சொன்னார். நீங்களும் நம்பினீர்கள்.

சென்ற ஆண்டு நெஞ்சுவலியால் மூன்று நாள் மருத்துவமனையில் இருந்து காலமானார். அவரைக் கொண்டு சேர்த்த பக்கத்து வீட்டாருக்கும், உடனிருந்த தங்கைகளுக்கும், காரியங்களுக்கு வந்திருந்த அனைவருக்கும் குடும்பத்தின் நன்றி.

தம்பியை வெளிநாட்டில் ஆளாக்கியவர் என்று இம்மலரின் அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். அது உண்மை. எப்படி என்பதை மேலே எழுதியிருக்கிறேன்.